காலி வீதியின் சமன்பாடு

நண்பர்களே, வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட அழைப்பிதழ் எனக்கும் வந்தது. எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த சேருக்கு எழுபது வயதாகிறது, வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறோம், நல்லது. அதன் கீழே உங்களில் ஒருவர் எனக்கென்றே எழுதியிருந்தீர்கள்: "நீயும் கட்டாயம் வா. மேடையில சேரிட்ட ஒரு சொறி சொல்லிவிட்டால் பழசெல்லாம் முடிஞ்சுது." அதற்குக் கட்டைவிரல்கள் வரிசையாக எழும்பியிருந்தன. கனடாவில் இருக்கும் ஒருவர், "ஓமோம், இவள்தானே சேரை அடிக்கப் போனவள்" என்று சிரிப்பு முகம் வேறு போட்டிருந்தார்.

நான் யாரையும் அடிக்கப் போகவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை. எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, சீனி வருத்தம் வந்துவிட்டது, உங்களுக்கும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். ஆனால் நடந்தது என்ன என்பதை எனக்குத் தெரிந்தபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கும் மன்னிப்பை, அந்தச் சொறியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

சேர் ரியூசன் நடத்திய அந்த ரியூட்டரியை நினைவிருக்கிறதா? கடலுக்குப் போகும் லேன் ஒன்றில், தண்டவாளத்துக்குச் சற்று முன்னால், பழைய வீடொன்றின் கராஜ். இப்போது கடலோரமாக ஓடும் மரைன் டிரைவ் வீதி அப்போது கிடையாது. லேன் முடிந்தால் தண்டவாளம், தண்டவாளம் முடிந்தால் கல், கல் முடிந்தால் கடல். கராஜின் இரும்புக் கதவை உப்புக்காற்று தின்று தின்று, தொட்டால் கையில் பழுப்பாக உதிரும். வாங்குப் பலகைகளில் பொடியன்கள் ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம். பின்வீட்டில் மீன் பொரித்தால் கணக்கு ஏறாது. ரயில் வந்தால் சேர் கரும்பலகையடியில் சோக்கட்டியை உயர்த்தியபடி அப்படியே நிற்பார். கடைசிப் பெட்டியும் போன பிறகு, விட்ட சொல்லிலிருந்து தொடருவார். ஒரு சொல்கூடத் தவறாது. அந்தத் திறமையை நான் இன்றும் மெச்சுகிறேன்.

நாங்கள் பத்தாம் வகுப்பு. அந்தத் தவணை முழுக்க நேர்கோட்டின் சமன்பாடு. சேர் கரும்பலகையின் மேல் மூலையில் ஒரு பெட்டி கீறி, உள்ளே y = mx + c என்று எழுதிவைத்திருந்தார். அதை யாரும் அழிக்கக் கூடாது.

"m எண்டால்?" என்பார்.

"படித்திறன்!" என்று கத்துவோம். கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது.

"c எண்டால்?"

"வெட்டுத்துண்டு!" கோடு y அச்சை எங்கே வெட்டுகிறது என்பது.

"உலகத்தில எந்த நேர்கோட்டையும் கொண்டு வாங்கோ, இந்தப் பெட்டிக்குள்ள அடைச்சுக் காட்டுறன்" என்று நெஞ்சை நிமிர்த்துவார். எங்களுக்குப் புல்லரிக்கும். எனக்கும்தான். அவரிடம் படித்தபிறகுதான் கணக்கு எனக்குப் பிடித்தது என்பதை மறைக்க மாட்டேன். தவணை முடிவில் ஒரு சோதனை வைத்து, தேறியவர்களை முதல் பட்ச்சில் எடுப்பார். அந்தப் பட்ச்தான் பிறகு உயர்தர வகுப்பில் கணக்குப் படிக்கும். நடந்து போகும் தூரத்தில் தமிழில் உயர்தரக் கணக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு வேறு யாரும் இல்லை. "சேரின்ர பட்ச் கிடைச்சால் கணக்குப் படி. இல்லையெண்டால் கொமர்ஸ்" என்று அம்மா முதலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். என்னை பஸ்ஸில் ஏற்றித் தூரத்துக்கு அனுப்புவதில்லை என்பது அம்மாவின் சட்டம். அந்தப் போர்க்காலத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாடகை வீடு, பொலிஸ் பதிவு, சந்திக்குச் சந்தி இராணுவச் சென்றி, பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதனை. எங்கள் வீட்டில் ரேடியோகூட மெதுவாகத்தான் பாடும்.

இனி என் வரைபுத்தாளுக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் யாரும் கிழக்கு, மேற்கு என்று சொல்வதில்லை. ஒன்று கடல் பக்கம், மற்றது லேன்ட் சைட். மரக்கறிக்காரரிடம் வீட்டைக் காட்டுவதும் அப்படித்தான், வீட்டுத் தரகர் வாடகை சொல்வதும் அப்படித்தான். கடல் எங்களுக்குக் கீழே இருந்தது. லேனால் 'கீழே போய்' அலை பார்த்துவிட்டு 'மேலே ஏறி' வருவோம். ஆகவே ஒருநாள் வரைபுத்தாளில் எங்கள் ஊரைக் கீறிப் பார்த்தபோது, கடலைத் தாளின் அடியில் வைத்தேன். காலி என்ற ஊருக்குப் போகும் எங்கள் பெருந்தெரு, காலி வீதி, இடமிருந்து வலமாகப் படுத்துக்கொண்டது. அதை x அச்சு ஆக்கினேன். லேன்கள் எல்லாம் அதிலிருந்து நேரே கீழே தொங்கின. ஒன்றுக்கொன்று சமாந்தரம். எங்கள் லேன் மூன்றில் நின்றது.

காலி வீதிக்குச் சமன்பாடு எழுதுவது சுகம்: y = 0. அடுத்தது எங்கள் லேன். லேன் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, ரயில் கேற்றடியில் ஒரு புள்ளி. m காண வேண்டும். எவ்வளவு இறக்கம் என்பதை எவ்வளவு பக்கம் நகர்ந்தோம் என்பதால் வகுக்க வேண்டும். பக்கம் நகர்வு பூச்சியம். பூச்சியத்தால் எதையும் வகுக்க முடியாது. என் பிழைதான் என்று அழித்தேன், திரும்பச் செய்தேன், திரும்ப அழித்தேன். தாளில் ஓட்டை விழுந்தது. லேனுக்கு m இல்லை.

அன்று பின்னேரம் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன். சூடான பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லேனால் இறங்கி வருகிறேன். இறங்க இறங்க y மாறுகிறது, x மாறவில்லை. ஐயர் வீட்டுப் படலையடியிலும் x மூன்று. முருங்கை நிற்கும் வளவடியிலும் மூன்று. தண்டவாளத்திலும் மூன்றுதான். அப்படியானால் இந்தக் கோடு சொல்ல வேண்டியது இவ்வளவுதானே: x = 3. ஓடிப் போய் பாணை மேசையில் போட்டுவிட்டுத் தாளில் எழுதினேன். என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த முதல் சங்கதி அது. பாடப்புத்தகத்தில் எங்கோ இருந்திருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பின்னேரம் அது என்னுடையது. சந்தோசத்தில் பாணின் முனையைப் பிய்த்துத் தின்று அம்மாவிடம் அடியும் வாங்கினேன்.

சோதனை வந்தது. ரோணியோ மெசினில் அடித்த தாளில் மை கையில் ஒட்டியது. ஒரு கேள்வி: (3, 1), (3, 7) ஆகிய புள்ளிகளுக்கூடாகச் செல்லும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் காண்க. சேர் வேறு எண் போட நினைத்துத் தவறிப் போட்டிருக்க வேண்டும். உங்களில் பாதிப்பேர் வெறுமையாக விட்டீர்கள். மற்றவர்கள் ஆறைப் பூச்சியத்தால் வகுத்துப் பூச்சியம் என்று போட்டு எதையோ எழுதினீர்கள். நான் x = 3 என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

அடுத்த வகுப்பில் தாள் திரும்பி வந்தது. என் விடைமேல் சிவப்புப் பெருக்கல் குறி. கையை உயர்த்தினேன்.

"சேர், இது ஏன் பிழை?"

"எங்க y? எங்க m? பெட்டியைப் பார்."

"இந்தக் கோட்டுக்கு m இல்லை சேர்."

"அப்ப அந்தக் கோடும் இல்லை. கேள்வி பிழை, விடு."

"கோடு இருக்கு சேர். கீறிக் காட்டலாம்."

பொடியன்கள் பக்கம் ஒரு சலசலப்பு. சேர் சோக்கட்டியை நீட்டினார். "வா. வந்து கீறு."

போனேன். கடலைக் கீழே வைத்தேன். காலி வீதியைப் படுக்கையாகக் கீறினேன். லேனைக் கீழே இறக்கினேன். "இது நாங்கள் இப்ப இருக்கிற லேன் சேர். இதுக்குச் சமன்பாடு இல்லையெண்டால் நாங்கள் எல்லாரும் எங்க இருக்கிறம்?"

நீங்கள் சிரித்தீர்கள். குழுவில் நீங்கள் போடும் சிரிப்பு முகம் மாதிரி அல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது.

சேர் சிரிக்கவில்லை. ஆனால் கெட்டிக்காரர். டஸ்டரை எடுத்து என் படத்தைத் துடைத்தார். "உனக்கு மேப் பார்க்கத் தெரியாது. மேப்பில வடக்குத்தான் மேல" என்று சொல்லிப் புதிதாகக் கீறினார். காலி வீதி தெற்கு வடக்காக, செங்குத்தாக, நட்டமாக நின்றது. லேன்கள் எல்லாம் கடலை நோக்கிப் படுத்துக்கொண்டன. "இப்ப சொல்லு, உன்ர லேன் என்ன? y = 3. m பூச்சியம். c மூன்று. அடைஞ்சுதா பெட்டிக்குள்ள?"

கைதட்டினீர்கள். உண்மையில் நல்ல பதில்தான். ஒரு கணம் நானும் அசந்துபோனேன். பிறகு அவர் கீறிய படத்தைப் பார்த்தேன். லேன்கள் படுத்துவிட்டன, சரி. ஆனால் இப்போது நட்டமாக நிற்பது எது?

"அப்ப காலி வீதிக்கு m எவ்வளவு சேர்?"

ரயில் வந்தது. சேர் வழக்கம்போல் சோக்கட்டியை உயர்த்தியபடி நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில் போனது. அன்றைக்கு மட்டும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை.

"வெளியில போ. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டால்தான் உள்ளே."

போனேன். மேசையில் என் மர அடிமட்டம் கிடந்தது, ஒரு முனை தேய்ந்தது, என் பெயரின் முதலெழுத்தைக் கொம்பாசால் கீறியது. அதை எடுக்கக்கூட விடவில்லை. உங்களில் யாரோ எடுத்திருப்பீர்கள். வைத்திருங்கள்.

நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிப் படித்தாளே ஒருத்தி, அவள் மட்டும் வகுப்பு முடிந்து ரயில் கேற்றடிக்கு என்னைத் தேடி வந்தாள். "அடியே, நீ சொன்னது சரின்னு எல்லாருக்கும் தெரியும்டி" என்றாள்.

"அப்ப ஏன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை?"

"திறந்தா நாங்களும் வெளியதானே."

இதைத்தான் உங்களுக்கு நினைவூட்ட விரும்பினேன். இன்னொன்றும் அவள்தான் சொன்னாள். நான் வெளியேறியதும் சேர் அந்தக் கேள்வியை ரத்துச் செய்து, எல்லோருக்கும் அதற்குரிய புள்ளியைச் சும்மா கொடுத்தாராம். வெறுமையாக விட்டவர்களுக்கும் புள்ளி. சரியாக எழுதியவளுக்கு வாசற்படி.

அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. "பொம்பிளைப்பிள்ளை ஒரு சபையில வாய்காட்டலாமோ? நாங்கள் இஞ்ச சத்தமில்லாமல் இருக்க வந்தனாங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா என்னைத்தான் நம்பவில்லை என்று அப்போது கொதித்தேன். அவர் பயந்தது என்னைப் பார்த்து அல்ல, எனக்காக என்பது அம்மாவின் வயதைத் தாண்டியபிறகுதான் பிடிபட்டது. சத்தம் கேட்ட வீடுகளுக்கு ஆமி ஜீப் வந்த காலம் அது. கணக்குச் சத்தம், சண்டைச் சத்தம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் நல்ல சேலை உடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கராஜ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ரியூட்டரியில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

"பிள்ளை தெரியாமல் கதைச்சிட்டாள் சேர்" என்றார்.

சேரும் உருகிப் போனார். "அம்மா, உங்கட மகள் கெட்டிக்காரி. முதல் பட்ச்சில சேர்க்கிறன். நாளைக்கு வகுப்பில எழும்பி, அப்பிடி ஒரு கோட்டுக்குச் சமன்பாடு இல்லை, நான் சொன்னது பிழை எண்டு ஒரு வசனம் சொன்னால் போதும்."

அம்மா என்னைப் பார்த்தார். அந்த ஒரு வசனத்தில் என் உயர்தரம் இருந்தது, அம்மாவின் நித்திரை இருந்தது.

"இருக்கிறதை இல்லையெண்டு சொல்ல மாட்டன்" என்றேன்.

கராஜை விட்டு வெளியே வந்து லேனால் ஏறினோம். காலி வீதிக்கு வந்ததும், பஸ்களும் ஹோர்ன் சத்தமும் புகையுமாக இருந்த அந்தச் சந்தியில் அம்மா நின்றார்.

"அப்ப இந்த றோட்டுக்கு என்ன சமன்பாடு?"

"x சமன் பூச்சியம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் அம்மா."

"இதைச் சொல்லவா அந்த மனுசனுக்கு வாய் வரேல்லை?" என்று கேட்டுவிட்டு, வீதியை இரு பக்கமும் நன்றாகப் பார்த்தார். பிறகு, "கொட்டாஞ்சேனையில டீச்சர் ஒராள் கணக்குப் படிப்பிக்கிறாவாம், உன்ர சிநேகிதி சொன்னவள். நான் கூட வாறன்" என்றார். பஸ்ஸுக்கு அனுப்ப மாட்டேன் என்ற அம்மா.

முதல் சனிக்கிழமையே புறக்கோட்டைக்குச் சற்று முன்னால் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். இளம் ஆமிக்காரன் ஒருவன் என் பையைக் கவிழ்த்தான். வரைபுத்தாள் வெளியே விழுந்தது. கடல் கீழே உள்ள படமும், வடக்கு மேலே உள்ள படமும் பக்கத்தில் பக்கத்தில். வீதி, லேன், தண்டவாளம், புள்ளிகள், தமிழ் எழுத்துகள். தமிழ்ப் பிள்ளையின் பைக்குள் வெள்ளவத்தையின் வரைபடம். என் முட்டாள்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"மே சிதியமக்த?" என்றான். இது மேப்பா என்று.

"நே அய்யே, கணன். சரல ரேகா." இல்லை அண்ணா, கணக்கு, நேர்கோடு. லேனில் விளையாடிப் பழகிய சிங்களம் எனக்கு வந்தது. அம்மாவுக்கு அதுவும் இல்லை.

அவன் தாளைத் தூக்கிப் பார்த்தான். மீசை சரியாக முளைக்காத முகம். நட்டமாக நின்ற காலி வீதியில் விரலை வைத்தான். x = 0 என்று எழுதியிருந்தது. நெற்றியைச் சுருக்கினான்.

"m எக்க கோ?"

சத்தியமாக அப்படித்தான் கேட்டான். m எங்கே என்று. அவனுடைய பள்ளிக்கூடத்திலும் ஒரு பெட்டி இருந்திருக்க வேண்டும்.

"மேக்கட்ட m நே, அய்யே" என்றேன். இதற்கு m இல்லை.

"எஹெம ஏவாத் தியெனவத?" அப்படியும் இருக்கிறதா என்றான். இன்னொரு தடவை தாளைப் பார்த்தான். "ஹரி, யன்ன." சரி, போ.

அவனைப் பெரிய மனிதனாக்க நான் இதை எழுதவில்லை. அவன் கையில் துவக்கு இருந்தது, என் புத்தகங்கள் நிலத்தில் கிடந்தன, அவற்றைப் பொறுக்கியது நானும் அம்மாவும்தான். பஸ் புறப்பட்டதும் அம்மா என் பக்கம் குனிந்தார்.

"என்ன கேட்டவன்?"

"m எங்கே எண்டு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவனுமோ?" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். புறக்கோட்டை வரும்வரை நிறுத்தவில்லை. கண்ணீர் வழிந்தது, சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். என் அம்மா வெளியிடத்தில் சத்தம் போட்டு நான் கண்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு சாகும்வரை, சேரைச் சந்தையில் கண்டுவிட்டு வந்தால் என்னிடம் கேட்பார்: "மனுசன் m-ஐக் கண்டுபிடிச்சிட்டாரோ?"

கொட்டாஞ்சேனை டீச்சரிடம்தான் கணக்குப் படித்தேன். சனி தோறும் பஸ், சென்றி, வரிசை. மழையில் நனைந்த கணுக்காலோடு தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் இருந்து படித்தேன். நீங்கள் இரண்டு லேன் தள்ளி நடந்து போய்ப் படித்ததை நான் நகரத்தைக் கடந்து போய்ப் படித்தேன். பிறகு கட்டடங்களுக்கு வரைபடம் கீறுவதே என் தொழிலாயிற்று. நான் கீறிய எந்தச் சுவருக்கும் m கிடையாது. எல்லாம் நிற்கின்றன.

சேருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட நிறைந்திருக்காது. வாடகைக் கராஜ், அடுத்த லேனில் சின்ன வகுப்புகளுக்குப் போட்டியாக இன்னொரு ரியூட்டரி. ஒரு பெட்டைக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு வாங்குகள் காலியாகிவிடும் என்று நினைத்திருப்பார். அவருக்கு விடை தெரியும், அந்த ரயில் போகும் நேரத்தில் அவர் முகத்தில் அதைக் கண்டேன். அவருடைய பயம் எனக்கு இப்போது விளங்குகிறது. விளங்கிவிட்டது என்பதற்காக நான் சொறி சொல்ல வேண்டுமா?

நேற்று நீங்கள் விழா மலரின் அட்டையை அனுப்பினீர்கள். அழகான அட்டை. நடுவில் சேரின் படம், மேல் மூலையில் அந்தப் பெட்டி, பின்னால் x அச்சும் y அச்சும். கட்டைவிரல்கள் மறுபடி எழும்பின. பெரிதாக்கிப் பாருங்கள், நட்டமாக நிற்கும் அந்த y அச்சை. சேர் ஒவ்வொரு வகுப்பிலும் முதலாவதாகக் கீறிய கோடு அதுதான். அதை அந்தப் பெட்டிக்குள் அடைத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

நான் வருவேன். அம்மாவின் நல்ல சேலை என்னிடம்தான் இருக்கிறது, அதை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் இருப்பேன். பொன்னாடை போர்த்தும்போது உங்களைவிட அதிகமாகக் கைதட்டுவேன், கணக்கை எனக்குப் பிடிக்கப் பண்ணியவர் அவர். செருப்பை மட்டும் கழற்ற மாட்டேன். மைக்கை என் கையில் தந்தால், தந்தவர் பொறுப்பு. நான் கேட்கப் போவது ஒரே கேள்வி, உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை உங்களை வெளியே அனுப்ப யாருமில்லை, விடை தெரிந்தவர்கள் கையை உயர்த்தலாம். உயர்த்தாவிட்டாலும் பரவாயில்லை. விழா முடிந்ததும் எல்லோரும் காலி வீதியால்தானே வீட்டுக்குப் போக வேண்டும்.